காசு போட்டால் பறக்கும் ராக்கெட்: ஒரு பழைய இயந்திரத்தின் பழுதும் வரலாறும்

மலர்க் குழு நண்பர்கள், "உங்க துறையைப் பத்தி ஏதாவது எழுதிக் கொடுங்க, ஆனா பாடம் மாதிரி இருக்கக் கூடாது" என்று கட்டளை போட்டுவிட்டார்கள். மின்னணுவியல் படித்தவன் பாடம் இல்லாமல் எதை எழுதுவது? யோசித்துப் பார்த்ததில் ஒரு கதை அகப்பட்டது. நம் டிஜிட்டல் லேபில் நாம் பிரெட்போர்டில் குத்திக் குத்திக் கால் ஒடித்தோமே, அதே 7400 வரிசை ஐ.சி.க்களை வைத்து அமெரிக்காவில் இரண்டு பேர் ஒரு விளையாட்டு இயந்திரம் செய்தார்கள். காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டுகளில் விற்பனைக்கு வந்த முதல் இயந்திரம் அதுதான். அப்படிப்பட்ட ஓர் இயந்திரத்தை உயிர்ப்பிக்கும் வேலையில் எனக்கும் கொஞ்சம் பங்கு கிடைத்தது. ஆகவே வரலாற்றையும் பழுது பார்த்த கதையையும் சேர்த்தே சொல்கிறேன். இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் பயன்படலாம்.

இயந்திரத்தின் பெயர் 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்'. வெளிவந்த ஆண்டு 1971. செய்தவர்கள் நோலன் புஷ்னெல், டெட் டாப்னி. இருவரும் கலிபோர்னியாவில் ஆம்பெக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர்கள்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1962-ல் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பி.டி.பி-1 என்ற கணிப்பொறியில் 'ஸ்பேஸ்வார்' என்ற விளையாட்டை எழுதினார்கள். இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுடும். அந்த விளையாட்டு கணிப்பொறி உள்ள பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் பரவியது. ஆனால் அந்தக் காலத்துக் கணிப்பொறியின் விலைக்கு ஒரு தெருவையே வாங்கலாம்! ஸ்டான்ஃபோர்டில் அந்த விளையாட்டைப் பார்த்த புஷ்னெலுக்கு ஒரு யோசனை: இதையே காசு போட்டு ஆடுகிற பெட்டியாக்கினால் என்ன? முதலில் 'நோவா' என்ற சிறு கணிப்பொறியை வாங்கி, அதில் பல திரைகளை மாட்டலாம் என்று கணக்குப் போட்டார்கள். அதன் வேகம் போதவில்லை. கடைசியில் ஒரு துணிச்சலான முடிவுக்கு வந்தார்கள். கணிப்பொறியே வேண்டாம்!

இதை நம் மாணவர்கள் சற்று நிதானித்துப் படிக்க வேண்டும். கம்ப்யூட்டர் ஸ்பேஸ் என்று பெயர் வைத்த இயந்திரத்துக்குள் கம்ப்யூட்டர் இல்லை. நுண்செயலி இல்லை, புரோகிராம் இல்லை. கவுண்டர்களும் கேட்டுகளும் ஃப்ளிப்-ஃப்ளாப்புகளும் மட்டும்தான். டி.வி. திரையில் எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக, கோடு கோடாக ஓடுகிறது அல்லவா? அது இந்த நொடியில் எத்தனையாவது கோட்டில், எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதைக் கவுண்டர்கள் எண்ணிக்கொண்டே இருக்கும். ராக்கெட்டின் ஒரு புள்ளி வரவேண்டிய இடம் வந்ததும் ஒரு கேட் திறந்து அந்தக் கணத்துக்கு வெள்ளை கொடுக்கும், உடனே மூடிவிடும். விநாடிக்கு 15,700-க்கு மேற்பட்ட கோடுகள், 60 திரைகள். புள்ளி வைத்துக் கோலம் போடுகிற மாதிரிதான். ஆனால் கோலம் போடுகிற கை ஒரு விநாடிகூட நிற்காது.

ராக்கெட்டின் உருவத்தை எங்கே வைப்பது? இன்று என்றால் மெமரி சிப் ஒன்றில் போட்டுவிடுவோம். அவர்கள் டையோடுகளில் வைத்தார்கள். எந்தப் புள்ளி வெள்ளையோ அங்கே ஒரு டையோடு, இல்லையென்றால் காலியிடம். அதோடு நிற்கவில்லை. அந்த டையோடுகளைப் பலகையில் ராக்கெட்டின் வடிவத்திலேயே அடுக்கியிருந்தார்கள். பலகையைக் கையில் எடுத்துப் பார்த்தால் ராக்கெட் படம் வெறும் கண்ணுக்கே தெரியும்! நேராக நிற்கும் ராக்கெட், சற்றுச் சாய்ந்த ராக்கெட், இன்னும் சாய்ந்தது என்று சில கோணங்களுக்கு மட்டும் படம். மற்ற கோணங்களுக்கு அதே படத்தை இட வலமாகவோ மேல் கீழாகவோ திருப்பிக் காட்டும் வேலையைச் சுற்று பார்த்துக்கொள்ளும். சிக்கனம் என்றால் இது சிக்கனம்.

1971 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டுக்கு அருகே 'டச் கூஸ்' என்ற மதுக்கடையில் வைத்துச் சோதித்தார்கள். மாணவர்கள் மொய்த்தார்கள். நட்டிங் அசோசியேட்ஸ் என்ற நிறுவனம் அதைத் தயாரித்து விற்றது. வளைவும் நெளிவுமான ஃபைபர் கிளாஸ் கூடு, உள்ளே ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் 15 அங்குலக் கறுப்பு வெள்ளை டி.வி. மொத்தம் ஏறத்தாழ 1,500 இயந்திரங்கள் செய்தார்கள். விற்பனை பிரமாதம் என்று சொல்ல முடியாது. பொதுமக்களுக்கு அதன் பொத்தான்களும் ராக்கெட்டின் போக்கும் பிடிபடவில்லை. பொறியியல் மாணவர்களுக்குத்தான் பிடித்தது! அரை நூற்றாண்டில் உடைந்தவையும் குப்பைக்குப் போனவையும் போக, மிச்சம் இருப்பவற்றை இன்று சேகரிப்பாளர்கள் வலை வீசித் தேடுகிறார்கள்.

அப்படி ஒன்று 2011 கோடையில் சான் ஹோசே அருகே ஒரு வீட்டின் கார் ஷெட்டில் இருந்தது. உரிமையாளர் ஓய்வு பெற்ற பொறியாளர், எழுபதைத் தாண்டியவர். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு உறவு. "டி.டி.எல். தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும்" என்று அவர் கேட்டாராம். என் வயதுக்காரர்களில்கூட டி.டி.எல். தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். நம் லேபின் புண்ணியத்தில் எனக்குத் தெரியும். போனேன்.

பல ஆண்டுகளாக அந்த இயந்திரத்துக்கு மின்சாரம் காட்டவே இல்லை. பெரியவரின் முதல் நிபந்தனை, "பிளக்கைச் சொருகிப் பார்ப்போம்" என்ற பேச்சே கூடாது என்பது. மிகச் சரியான நிபந்தனை. நம் லேபில் உதவியாளராக இருந்த அண்ணன் எப்போதும் சொல்வாரே, "மொதல்ல சப்ளையைப் பாருங்கப்பா, அப்புறம் ஐ.சி.யைத் திட்டலாம்" என்று. நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். பெரியவர் சிரித்துக்கொண்டே கையைக் குலுக்கினார்.

பலகைகளை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, பவர் சப்ளைக்கு மட்டும் ஒரு பொய்ச் சுமை கொடுத்து மின்சாரம் விட்டோம். மீட்டரில் 5 வோல்ட் பளிச்சென்று காட்டியது. டி.டி.எல். ஐ.சி.க்கு வேண்டியது 4.75 முதல் 5.25 வரை. ஆக, சப்ளை நன்றாக இருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் மீட்டர் காட்டுவது சராசரி. ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் அந்த 5 வோல்ட் விநாடிக்கு 120 தடவை பள்ளத்தில் விழுந்து எழுந்துகொண்டிருந்தது. காரணம், வடிகட்டும் பெரிய கெப்பாசிட்டர். உள்ளே இருக்கும் ஈரப் பசை காலப்போக்கில் உலர்ந்துவிடும். வெளியே பார்த்தால் புதுசு போலவே இருக்கும். பழைய மின்னணுச் சாதனம் எதுவானாலும் முதல் சந்தேகம் இந்தக் கெப்பாசிட்டர் மேல்தான் விழவேண்டும். மாற்றினோம். கோடு நேரானது.

டி.வி.யில் கை வைப்பதற்கு முன் பெரியவர் ஒரு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். பழைய டி.வி. மெக்கானிக்குகளின் பழக்கம் அது. படக்குழாயில் பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கினாலும் போகாது. இரண்டு கையும் உள்ளே இருந்தால் மின்சாரத்துக்கு நெஞ்சு வழியாகப் பாதை கிடைத்துவிடும். முதலில் அதை எர்த் செய்துவிட்டுத்தான் மற்றது. மாணவர்கள் இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிறகு பலகைகள். இந்த இயந்திரத்தில் மூன்று. ஒன்று திரைக்கு ஒழுங்கு கொடுத்து நட்சத்திரங்களை வரைவது, ஒன்று அசைவுக்கு, ஒன்று உருவங்களுக்கு. மூன்றின் ஓரத்திலும் செம்புப் பட்டைகள் கறுத்துப் போயிருந்தன. பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து ஆல்கஹால் போட்டுத் துடைத்தோம். அந்தக் காலத்து ஐ.சி.க்கள் சிலவற்றின் கால்களுக்கு வெள்ளிப் பூச்சு உண்டு; நம் வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி அதுவும் கறுத்துவிடும். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் கறுப்பு மட்டுமே பழுது ஆகாது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். ஐ.சி.யின் முதுகில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று அதன் பெயர், மற்றது பிறந்த தேதி, அதாவது ஆண்டும் வாரமும். 7138 என்றால் 1971-ன் 38-ஆவது வாரம். அந்த ஆண்டுகளில் தொல்லையில்லை. 1974-ல் செய்த பலகைகளைப் பழுது பார்ப்பவர்கள் பாடுதான் திண்டாட்டம். 7432 என்று போட்டிருந்தால் அது 'ஆர் கேட்' ஐ.சி.யா, அல்லது 1974-ன் 32-ஆவது வாரத்தில் பிறந்த வேறு ஏதாவதா?

பலகைகளை மாட்டி ஓட விட்டோம். நட்சத்திரங்கள் வந்தன. ராக்கெட் வந்தது. இரண்டு பறக்கும் தட்டுகளும் வந்தன, ஆனால் அசையவே இல்லை. ஆணி அடித்த மாதிரி நின்றன. லாஜிக் புரோபை எடுத்துக்கொண்டு, தட்டுகளின் அசைவுக்குச் சம்பந்தப்பட்ட கம்பிகளை வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தொட்டுக்கொண்டே போனோம். ஒரு கேட்டின் வெளியீட்டுக் காலில் புரோபின் எந்த விளக்கும் எரியவில்லை. ஸ்கோப்பில் சுமார் 1.5 வோல்ட். டி.டி.எல். படித்தவர்களுக்கு இந்த எண் பழைய நண்பன் மாதிரி. 0.8-க்குக் கீழே என்றால் பூச்சியம், 2-க்கு மேலே என்றால் ஒன்று. ஒன்றரையில் தொங்குகிறது என்றால் அந்தக் கம்பியை யாருமே ஓட்டவில்லை என்று அர்த்தம். உள்ளே கேட் செத்துவிட்டது, அடுத்த ஐ.சி.யின் நுழைவாயில் தன் சொந்த வோல்ட்டைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

மாற்று ஐ.சி. என்னிடம் எல்.எஸ். வகையில் இருந்தது. பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. பிடிவாதம் இல்லை அது, கணக்கு. பழைய சாதா 74 வகை 16 மில்லி ஆம்பியர் வரை இழுத்துக் கீழே பிடிக்கும், எல்.எஸ். வகை 8-தான். அந்த ஒரு கால் எத்தனை ஐ.சி.க்களைச் சுமக்கிறது என்று எண்ணிப் பார்த்தோம். அதிகம்தான். ஒரு வாரம் காத்திருந்து சாதா வகையே வரவழைத்தோம். பழைய ஐ.சி.யை எடுக்கும் விதமும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. சால்டரை உறிஞ்சி முழுசாகப் பிடுங்கப் பார்த்தால் பலகையின் மெல்லிய செம்பு டிராக் கூடவே உரிந்து வந்துவிடும். ஐ.சி. எப்படியும் செத்ததுதானே, பலகைதான் முக்கியம். கட்டரால் பதினான்கு கால்களையும் உடம்போடு நறுக்கிவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடுகாட்டி எடுக்க வேண்டும்.

தட்டுகள் பறந்தன. அப்போதுதான் கடைசிப் பழுது கண்ணில் பட்டது. ராக்கெட்டைச் சுழற்றும்போது சில திசைகளில் மட்டும் மூக்குக்குக் கீழே ஒரு புள்ளி இல்லை. அந்தத் திசைகளைத் தாளில் குறித்துப் பார்த்தோம். எல்லாம் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிரதி. அப்படியானால் திருப்பும் சுற்றில் பழுதில்லை, மூலப் படத்திலேயே பழுது. உருவப் பலகையை வெளியே எடுத்து, அந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கும் டையோடு ராக்கெட்டைத் தேடி, அதன் மூக்குக்குக் கீழே விரலை வைத்தோம். மீட்டரில் பார்த்தால் அந்த டையோடு இரண்டு பக்கமும் கடத்தவில்லை. சில காசு பெறாத சாமான். வரைபடமே தேவைப்படவில்லை!

நான் எத்தனையோ இயந்திரங்களைப் பார்த்திருக்கிறேன். எந்த இடத்தில் நோவு என்று தானே இப்படி விரல் நீட்டிக் காட்டிய இயந்திரத்தை வேறு பார்த்ததில்லை.

டாப்னியும் புஷ்னெலும் 1972 ஜூனில் அட்டாரி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அங்கே ஆலன் அல்கார்ன் என்ற இளம் பொறியாளர் 'பாங்' என்ற பந்தாட்ட விளையாட்டைச் செய்தார். சன்னிவேலில் 'ஆண்டி காப்ஸ்' என்ற மதுக்கடையில் வைத்த முதல் இயந்திரம் சில நாளில் நின்றுபோனது. பழுது பார்க்கப் போன அல்கார்ன் பெட்டியைத் திறந்தால், காசு விழும் பாத்திரம் நிறைந்து வழிந்து அடைத்துக்கொண்டிருந்தது! இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாங்கிலும் நுண்செயலி கிடையாது. மட்டைக்கு 555 வகை டைமர், கோடு எண்ண 7493, புள்ளிக் கணக்குக்கு 7490, எண்ணைத் திரையில் வரைய 7448. நம் லேப் ரிக்கார்டைத் திறந்தால் பாதி பாங் அதில் இருக்கும். அதில் மட்டை திரையின் உச்சிக்குப் போகாது. சுற்றில் இருந்த குறை அது. சரிசெய்தால் கெட்டிக்காரர்கள் ஆட்டத்தை முடிக்கவே மாட்டார்கள் என்று அல்கார்ன் அதை அப்படியே விட்டுவிட்டார். ஆகவே பாங் பழுது பார்ப்பவர் இதைச் சரிசெய்துவிடக் கூடாது.

"இவ்வளவு சிரமம் எதுக்கு? பழைய விளையாட்டெல்லாம் இப்போ கம்ப்யூட்டர்லயே கிடைக்குதே" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1997-ல் இத்தாலியின் நிக்கோலா சல்மோரியா தொடங்கிய மேம் என்ற மென்பொருள், பழைய இயந்திரங்களின் நுண்செயலிகளைப் போலவே நடித்து அவற்றின் புரோகிராம்களை ஓட்டும். ஆனால் புரோகிராமே இல்லாத இயந்திரத்தில் எதைப் படியெடுப்பது? கம்ப்யூட்டர் ஸ்பேஸுக்கும் பாங்குக்கும் சுற்றுதான் விளையாட்டு. ஒவ்வொரு கேட்டையும் கணிப்பொறியில் தனித்தனியாக உருவாக்கி ஓட்டும் முயற்சிகள் பின்னால் வந்தன. அவற்றுக்கும் வரைபடம் வேண்டும், சரிபார்க்க உண்மையான பலகை வேண்டும். பலகையும் போய் வரைபடமும் போனால் அந்த விளையாட்டு போனதுதான். ஏட்டுச் சுவடி செல்லரித்த மாதிரி.

நேர் எதிரான ஒரு வழியும் பின்னால் வந்தது. 1993-ல் கேப்காம் நிறுவனம் சி.பி.எஸ்-2 என்ற பலகையைக் கொண்டுவந்தது. கள்ளப் பிரதிகளைத் தடுக்க, புரோகிராமைச் சங்கேதமாக மாற்றி, அதைப் படிக்கும் திறவுகோலை ஒரு சிறு மெமரியில் வைத்தார்கள். அந்த மெமரியை உயிரோடு வைத்திருப்பது ஒரு பாட்டரி. பாட்டரி தீர்ந்தால் திறவுகோல் மறைந்துவிடும். ஐ.சி. எல்லாம் நன்றாக இருக்கும், சப்ளை நன்றாக இருக்கும், திரையில் ஒன்றும் வராது. தயாரித்தவரிடமே அனுப்பினால்தான் உண்டு. இதற்குப் 'தற்கொலை பாட்டரி' என்று தொழில்நுட்பக்காரர்கள் பெயர் வைத்தார்கள். திருட்டைத் தடுக்க நினைத்ததில் தப்பில்லைதான். ஆனால் காசு கொடுத்து வாங்கியவன் வீட்டில், ஒரு பாட்டரியின் ஆயுள்தான் அந்தப் பொருளின் ஆயுள் என்றால் எப்படி? 2001-ல் ஆர்வலர்கள் அந்தச் சங்கேதத்தை முதலில் உடைத்தார்கள். 2016-ல் எட்வர்டோ க்ரூஸ், ஆர்டெமியோ உர்பினா, இயன் கோர்ட் மூவரும் பலகையில் எதையும் வெட்டி ஒட்டாமல் அதே திறவுகோலைத் திரும்ப ஏற்றும் வழியைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். செத்த பலகைகள் பல எழுந்தன. டையோடை ராக்கெட் வடிவில் அடுக்கியவர்களுக்கும் இவர்களுக்கும் இடையே 22 ஆண்டு இடைவெளிதான். ஆனால் மனப்போக்கில் எத்தனை தூரம்!

கடைசியாக, கல்லூரிக்காரர்களான நமக்குச் சொந்தமான மாதிரி ஓர் இயந்திரம். கம்ப்யூட்டர் ஸ்பேஸ் வந்த அதே 1971-ல் ஸ்டான்ஃபோர்டில் படித்த பில் பிட்ஸ் என்பவரும் அவருடைய பள்ளித் தோழர் ஹியூ டக்கும் சேர்ந்து, அதே ஸ்பேஸ்வாரைக் காசு போட்டு ஆடும்படி செய்தார்கள். இவர்கள் கணிப்பொறியை விட்டுவிடவில்லை. நிஜமான பி.டி.பி-11 ஒன்றையே உள்ளே வைத்தார்கள். முதல் இயந்திரத்துக்கே 20,000 டாலர். அதை வைத்தது பல்கலைக்கழக மாணவர் சங்கக் கட்டடத்தில், பேச்சு வழக்கில் சொன்னால் நம்ம கேன்டீன் மாதிரி இடத்தில். ஓர் ஆட்டத்துக்கு 10 சென்ட், மூன்று ஆட்டத்துக்கு 25. வியட்நாம் போர் நடந்த காலம், வளாகத்தில் 'வார்' என்ற சொல்லே ஆகாது என்பதால் 'கேலக்ஸி கேம்' என்று பெயர் மாற்றினார்கள். 1972 ஜூனில் இரண்டாவது பதிப்பை வைத்தார்கள். மொத்தச் செலவு ஏறத்தாழ 65,000 டாலர் ஆனது. பத்து பத்து சென்ட்டாக அதை எப்போது எடுப்பது!

லாபமில்லாவிட்டாலும் அது ஏழு ஆண்டு ஓடியது. 1979 மே மாதம், திரைக்குப் படம் அனுப்பும் மின்னணுப் பகுதி கோளாறு செய்யத் தொடங்கியது. இன்று ஓடும், நாளை ஓடாது. பழுதுகளிலேயே கொடியது இப்படி விட்டு விட்டு வரும் பழுதுதான். இயந்திரத்தைக் கழற்றிவிட்டார்கள். உலகத்தில் அந்த ரகத்தில் செய்தவை இரண்டே. வேறு யாராவது என்றால் இரும்புக் கடைக்குப் போட்டிருப்பார்கள். இவர்கள் பாகங்களை ஓர் அலுவலகத்தில் பத்திரப்படுத்தி வைத்தார்கள். 18 ஆண்டுகள் கழித்து, 1997-ல், செய்த பிட்ஸே வந்து அதைத் திரும்ப ஓட வைத்தார். அதன் உள்மனம் அவருக்குத்தானே தெரியும்! ஸ்டான்ஃபோர்டின் கணிப்பொறித் துறையில், தான் படித்த இடத்திலேயே, அது மறுபடியும் ஆடுவதற்கு வைக்கப்பட்டது. அப்பன் ஆடிய இயந்திரத்தில் பிள்ளை வயதுப் பையன்கள் ஆடினார்கள். 2000-ல் துறைக்கு அந்த இடம் தேவைப்பட்டது. இயந்திரம் கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகத்தின் வசம் போனது.